கொடிக்காரன் என்று ஒரு பதவி இல்லை

ஜூஜுவாடிக்குக் கிழக்கே, நெடுஞ்சாலையை விட்டு ஒரு மைல் உள்ளே, ஒரு பாறைக் கரடு இருந்தது. 1968-ல் அதை வெடி வைத்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். எல்லையோரத்தில் தொழிற்சாலைகள் வரப்போகின்றன, அவற்றுக்கு ரோடு வேண்டும், ரோட்டுக்கு ஜல்லி வேண்டும் என்று மேலே யாரோ முடிவு செய்திருந்தார்கள். தொழிற்சாலைகள் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவை வருவதற்கான ஏற்பாடுகளைக் கவனிக்க ஓர் அலுவலகம் முன்கூட்டியே வந்துவிட்டது. எல்லையோரத் தொழில்மனைகள் ஆயத்தத் தனி அலுவலகம் என்று அதற்குப் பெயர். தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம், நான்கு அறைகள், பதினோரு பேர், ஒரு ஜீப்.

கரட்டை ஒட்டி ஒரு வண்டிப்பாதை போனது. கிழக்கே இருந்த ஊர்க்காரர்கள் பஸ் பிடிக்க அந்த வழியாகத்தான் வரவேண்டும். பூக்கூடைக்காரிகள், மாட்டுக்காரர்கள், ராகி மூட்டை ஏற்றிய வண்டிகள், ஜல்லி லாரிகள் எல்லாம் அதில்தான். தினமும் பகல் பன்னிரண்டுக்கும் சாயங்காலம் ஐந்துக்கும் பாறையில் வெடி வைப்பார்கள். அந்த நேரத்தில் பாதையில் ஆள் இருக்கக் கூடாது. அதற்காக வைக்கப்பட்டவன் திம்மராயன்.

திம்மராயனுக்கு நாற்பத்தைந்து வயது. ஒல்லியான ஆள், ஆனால் தொண்டை பெரியது. வெடிக்குக் கால்மணி நேரம் முன்னால் பாதை வளைவில் போய் நின்று சிவப்புக் கொடியைத் தூக்கிப் பிடிப்பான். பிறகு மூன்று பாஷையில் கூவுவான். கிழக்கூர்க்காரர்களுக்காகக் கன்னடத்தில், "நில்லி! கல்லு ஹாரத்தே!" வண்டிக்காரர்களுக்காகத் தெலுங்கில், "ஆகண்டி! ராயி படுதுந்தி!" லாரிக்காரர்களுக்காகத் தமிழில், "நில்லுங்க! வெடி! வெடி!" மூன்றும் முடிந்ததும் ஒரு தடவை இருமுவான். அது தொண்டைக்காக. ஆனால் பாறை மேலே திரியோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணப்பன் அந்த இருமல் வரைக்கும் கேட்ட பிறகுதான் நெருப்பு வைப்பான். மூன்று வருஷமாக இதுதான் ஏற்பாடு. மூன்று வருஷத்தில் ஒரு மனுஷன் மேலும் ஒரு சில்லு விழுந்ததில்லை.

ஜனங்கள் அவனைக் கொடிக்காரன் என்றார்கள். அலுவலகப் பதிவேட்டில் 'வாட்ச்மேன், தற்காலிகம்' என்று இருந்தது. இரண்டுக்கும் இடையே ஒரு சண்டையும் இல்லாமல் காலம் போய்க்கொண்டிருந்தது.

ஆவணி மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. எல்லாப் பதவிகளின் பெயர்களும் இனித் தமிழில் இருக்கவேண்டும். இரண்டு வரிச் சுற்றறிக்கைதான். அதை யார் படித்தாலும் ஒரு மத்தியானத்தில் முடித்துவிடலாம். ஆனால் படித்தவர் அலுவலகத் தலைவரான தனி அலுவலராகப் போய்விட்டார்.

தனி அலுவலர் கீழ்ஜில்லாக்காரர். இந்தப் பக்கத்துக்கு மாற்றியதை ஒரு தண்டனையாக நினைத்துக்கொண்டு வந்தவர். வந்ததிலிருந்து அவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. தொழிற்சாலை வந்தால்தானே வேலை? சுற்றறிக்கை வந்த அன்று அவர் முகத்தில் முதல் முறையாக வெளிச்சம் தெரிந்தது என்று தலைமை எழுத்தர் யேசுராஜ் பிற்பாடு சொன்னார்.

மறுநாள் எல்லாரையும் முற்றத்தில் நிற்க வைத்தார். டைப்பிஸ்ட் தட்டச்சர் ஆனார். டிரைவர் ஓட்டுநர் ஆனார். வெடி வைக்கும் கிருஷ்ணப்பன் 'பாறை பிளப்பாளர்' ஆனான். அவன் அதை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "பல்லு வலிக்குது சார்" என்றான். கடைசியில் திம்மராயன் முறை வந்தது.

"இன்று முதல் நீ வாட்ச்மேன் இல்லை. காவலர்" என்றார் தனி அலுவலர். "காவல்காரன் என்று போட்டிருக்கலாம். ஆனால் அதில் 'ன்' இருக்கிறது. கடைசியில் உள்ள 'ர்' இருக்கிறதே, அது அரசாங்கம் உனக்குக் கொடுக்கிற மரியாதை. தெரிகிறதாடா?"

"தெரியுதுங்க சாமி" என்றான் திம்மராயன்.

தகரத்தில் 'காவலர்' என்று எழுதிய ஒரு பட்டை கொடுத்தார்கள். அவன் அதைச் சட்டையில் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனான். மனைவி லட்சுமியம்மாள் விளக்கை உயர்த்திப் பார்த்து, "என்னமோ பெரிசாத்தான் இருக்குது. படி கூட்டுவாங்களா?" என்று கேட்டாள். "மரியாதை மட்டுந்தானாம்" என்றான் அவன்.

மரியாதை மறுநாளே வேலை செய்ய ஆரம்பித்தது. ஜூஜுவாடி டீக்கடைக்காரர் அவனிடம் காசு வாங்க மறுத்துக் கும்பிட்டார். பாதையில் அவன் கொடியைத் தூக்கியதும் லாரிக்காரர்கள் இறங்கி வந்து கட்டுக் கட்டாகக் காகிதங்களை நீட்டினார்கள். மைசூர்ப் பக்கத்திலிருந்து சைக்கிளில் அரிசி கடத்திக்கொண்டுவந்த ஒருவன், பட்டையைப் பார்த்ததும் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். திம்மராயன் பின்னாலேயே அரை மைல் ஓடி, "ஐயா, நான் சும்மா கல்லுக்குத்தான்! அரிசிக்கு இல்லை!" என்று கெஞ்சி அவனைக் கூட்டிவரவேண்டியிருந்தது.

நான்காம் நாள் போலீஸ் ஏட்டு வந்தார். கோபக்காரர் இல்லை. ரொம்ப நேரம் பட்டையைப் படித்தார்.

"இந்தப் பேரை எங்களுக்குக் கொடுக்கப்போறதா பேச்சு இருக்குதுப்பா. ரெண்டு பேருக்கும் ஒரே பேர்னா, நீ வாங்குற அடி எனக்கும் நான் வாங்குற திட்டு உனக்கும் வந்துரும். கழட்டிரு."

திம்மராயன் கழட்டிக் கொடுத்தான். ஏட்டு அதைப் பையில் போட்டுக்கொண்டு, போகும்போது ஒரு கடிதமும் அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனார்.

தனி அலுவலர் சோர்ந்துவிடவில்லை. "சொல் நம்மிடம் குறைவா?" என்றார். அடுத்த வாரம் திம்மராயன் பாதுகாவலர் ஆனான். புதுப் பட்டை முன்னதைவிட இரண்டு விரல் நீளம்.

கரட்டின் கீழே கல் உடைக்கிறவர்களின் குடிசைகள் இருந்தன. தருமபுரிப் பக்கமிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போனால் ஒரு தாளைக் கொடுத்து, கீழே 'பாதுகாவலர் கையொப்பம்' என்ற இடத்தைக் காட்டுவார்கள். யாரிடம் வாங்குவது என்று தெரியாமல் அந்தத் தாள்கள் குடிசைக் கூரைகளில் செருகிக் கிடந்தன. இப்போது பாதுகாவலர் என்றே தகரத்தில் எழுதிக்கொண்டு ஒருவன் தினமும் எதிரிலேயே வந்து நிற்கிறான். முதலில் ஒருத்தி வந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். திம்மராயனுக்கு எழுத வராது. எல்லாத் தாளிலும் பெருவிரலை அழுத்திக் கொடுத்தான். இதுவும் வேலையில் சேர்ந்ததுதான் போலிருக்கிறது என்று நினைத்தான்.

அவனுக்கும் லட்சுமியம்மாளுக்கும் பிள்ளை இல்லை. புரட்டாசி முடிவதற்குள் அரசாங்கப் பதிவேட்டில் அவனுக்குப் பதினாலு பிள்ளைகள் ஆகியிருந்தன.

தலைமையாசிரியர் ஆள் அனுப்பினார். திம்மராயன் போய்க் கைகட்டி நின்றான்.

"உன் பிள்ளைகளில் ஆறு பேருக்கு அம்மை குத்தவில்லை. நாலு பேர் ஒரு வாரமாக வரவில்லை. ஒருத்தி சிலேட்டை உடைத்துவிட்டாள். பாதுகாவலர் என்று கைநாட்டு வைத்தால் மட்டும் போதுமா? பெற்றோரைப்போல் பொறுப்பு வேண்டாமா?"

"வேணுங்க சார்" என்றான் திம்மராயன். வேறு என்ன சொல்வது?

வீட்டில் லட்சுமியம்மாள் சிரிக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடி, "பேரெல்லாம் என்னா?" என்று கேட்டாள். அவனுக்கு நினைவில் இருந்தவற்றைச் சொன்னான். மேரிராணி, காவேரி, இன்னொரு காவேரி, கோவிந்தன். அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் அவன் கொடியோடு கிளம்பும்போது துணியில் முடிந்த வேர்க்கடலை கொடுத்து, "ஆளுக்குக் கொஞ்சம் கொடு" என்றாள்.

இந்த உறவும் பதினைந்து நாள்தான் நிலைத்தது. பாதுகாவலர் என்ற சொல் மைனர்களுக்கும் அவர்களுடைய சொத்துகளுக்கும் உரியது, அதைக் கற்குழி ஊழியருக்குத் தருவது சட்டச் சிக்கல் உண்டாக்கும் என்று ஒரு வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்தார். பட்டை திரும்பிப் போனது. பதினாலு பேரும் பதிவேட்டில் மறுபடியும் யாருமற்றவர்கள் ஆனார்கள்.

அதற்குப் பிறகுதான் தனி அலுவலர் ஒரு குழு அமைத்தார். குழுவில் அவர், யேசுராஜ், கணக்கர், பண்டகசாலைக்காரர். சொல் விஷயம் என்பதால் ஓசூரிலிருந்து ஒரு தமிழ்ப் பண்டிதரையும் வரவழைத்தார்கள். பிரகாசம் என்று பெயர். பஸ்ஸில் வந்த களைப்போடு ஓரமாக உட்கார்ந்திருந்தார். திம்மராயனை நடுவில் நிற்க வைத்தார்கள்.

"நீ என்ன செய்கிறாய் என்று உன் வாயால் சொல்" என்றார் தனி அலுவலர்.

"வெடி வைக்கும்போது ஜனங்களை நிறுத்துவேன் சாமி. கல்லு மேல விழாம."

"ஆக நீ காப்பது எதை? கல்லையா, ஜனங்களையா?"

திம்மராயன் யோசித்தான். இப்படி ஒரு கேள்வி இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. "ஜனங்களைத்தான் சாமி. கல்லுக்கு என்ன ஆகப்போவுது?"

தனி அலுவலர் மற்றவர்களைப் பார்த்தார். "கவனித்தீர்களா? இங்கேதான் பிழை. மூன்று வருஷமாக நடந்திருக்கிறது. இந்த அலுவலகத்தின் உடைமை எது? கல். ஜனங்கள் நம் அலுவலகத்தின் உடைமையா? இல்லை. அவர்கள் எந்த அலுவலகத்தின் உடைமையும் இல்லை. நம்மிடம் வேலை செய்கிற ஓர் ஆள், நம் உடைமையைக் காக்காமல், யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றைக் காத்துக்கொண்டு நின்றிருக்கிறான்."

பண்டகசாலைக்காரர், ஜல்லி குறைவதற்கு இப்போதுதான் காரணம் தெரிகிறது என்றார்.

"பண்டிதர் என்ன சொல்கிறீர்கள்?"

பிரகாசம் தொண்டையைச் செருமினார். "ஜனங்க இவரை என்னன்னு கூப்பிடுறாங்க?"

"கொடிக்காரன்னு சாமி" என்றான் திம்மராயன்.

"நல்ல சொல். தமிழ்ச் சொல். பார்த்தவுடனே புரியுது. அதையே வெச்சுடலாமே" என்றார் பண்டிதர்.

தனி அலுவலர் மிகவும் பொறுமையோடு, "தெருவில் புழங்குகிற சொல்லை நாம் எடுத்துக்கொண்டால், அலுவலகம் என்று ஒன்று எதற்கு?" என்று கேட்டார். பண்டிதருக்கு இதற்குப் பதில் தெரிந்திருக்கும். ஆனால் நாலு மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. வணக்கம் சொல்லி எழுந்துகொண்டார்.

குழு அன்று மூன்று முடிவுகள் எடுத்தது. பதவிக்கு 'காப்பாளர்' என்ற சொல்லை மேலிடத்துக்குப் பரிந்துரைப்பது. ஒப்புதல் வரும்வரை பதவி பெயரில்லாமல் இருப்பதால், பெயரில்லாத பதவியில் யாரும் பணி செய்யாதிருப்பது. கல்லைக் காப்பதற்குக் கொடி தேவையில்லை என்பதால் கொடியைப் பண்டகசாலையில் ஒப்படைப்பது.

"அப்போ மத்தியானம் யாருங்க கூவுறது?" என்று கேட்டான் திம்மராயன்.

"அதைப் பற்றியும் சொல்லவேண்டும்" என்றார் தனி அலுவலர். "எல்லையில் நின்றுகொண்டு கன்னடத்திலும் தெலுங்கிலும் கூவியிருக்கிறாய். எல்லை எங்கே இருக்கிறது என்று கேட்கிறவனுக்குச் சந்தேகம் வராதா? நான் பாதையில் ஒரு பலகை வைக்கச் சொல்லியிருக்கிறேன். பலகைக்குத் தொண்டை கட்டாது. விடுமுறை கேட்காது. பிழையில்லாத தமிழில் இருபத்துநாலு மணி நேரமும் நிற்கும்."

பலகை வந்தது. நீலத்தில் வெள்ளை எழுத்து. 'இவ்விடம் காப்பாளரின் பாதுகாப்பில் உள்ளது. பாறை பிளப்பு நிகழும் வேளைகளில் பொதுமக்கள் விலகி நிற்கக் கோரப்படுகிறார்கள்.' எழுதியவருக்கு நல்ல கையெழுத்து. கிழக்கூர்க்காரர்கள் அதன் நிழலில் கூடையை இறக்கி வைத்து இளைப்பாறினார்கள். சாமி போர்டு என்று நினைத்து ஒரு கிழவர் செருப்பைக் கழட்டிவிட்டுத் தாண்டினார்.

திம்மராயன் முதல் நாள் வீட்டில் இருந்தான். பதினொன்றரை மணிக்குமேல் உட்கார முடியவில்லை. லட்சுமியம்மாளின் பழைய சிவப்புச் சேலையில் ஒரு துண்டு கிழித்து எடுத்துக்கொண்டு வளைவுக்குப் போனான். மூன்று பாஷையிலும் கூவினான். இருமினான். பாறை மேலிருந்து கிருஷ்ணப்பன் கையை ஆட்டிச் சிரித்தான். ஒன்பது நாள் இப்படி நடந்தது.

பத்தாம் நாள் ஒரு குறிப்பாணை வந்தது. யேசுராஜ் அதை அவனுக்குப் படித்துக் காட்டினார். 'யாதொரு பதவியும் வகிக்காத நபர் ஒருவர், அனுமதியற்ற துணி ஒன்றைக் காட்டி, பொதுப்பாதையில் பொதுமக்களைத் தடுத்து நிறுத்தி, காப்பாளர் போல் ஆள்மாறாட்டம் செய்துவருவது தெரியவந்துள்ளது.'

"யாரு சார் அது?" என்றான் திம்மராயன்.

"நீதாம்ப்பா."

"நான் யாரு மாதிரி ஆள்மாறாட்டம் பண்ணேன்?"

யேசுராஜ் குறிப்பாணையை மறுபடியும் பார்த்தார். "உன்னை மாதிரிதான்" என்றார். கண்ணாடியைக் கழட்டித் துடைத்தார். "எனக்கு நாலு பொண்ணு, திம்மராயா. ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆவணும். நான் என்ன பண்ண முடியும் சொல்லு? பேசாம வந்து உக்காந்துக்க."

குறிப்பாணையில் அதுவும் இருந்தது. வேலையை விட்டு நீக்க வழியில்லை. நீக்குவதானால் எந்தப் பதவியிலிருந்து என்று எழுதவேண்டும். ஆகவே பாறை பிளக்கும் வேளைகளில், அதாவது பகல் பதினொன்றரை முதல் பன்னிரண்டரை வரையும் மாலை நாலரை முதல் ஐந்தரை வரையும், அவன் அலுவலகத் தாழ்வாரத்தில் உள்ள பெஞ்சில் அமர்ந்திருக்கவேண்டும். மீறினால் ஏட்டு வருவார்.

கிருஷ்ணப்பன் தனி அலுவலரிடம் போய், ஆள் இல்லாமல் திரி வைக்கமாட்டேன் என்று சொன்னான். "நீ பாறை பிளப்பாளர். பிளப்பது உன் வேலை. காப்பது உன் வேலை என்று எந்த ஆணையில் இருக்கிறது?" என்று கேட்டார் அவர். வேண்டுமானால் ஒரு விசில் வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கிருஷ்ணப்பன் விசில் வாங்கிக்கொண்டான். பாறை உச்சியிலிருந்து ஊதினால் மேல்காற்றில் அது பாதைக்குப் போய்ச் சேராது. குடிசைகளில் இருந்தவர்கள் ஏதோ பறவை என்று நினைத்தார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பது திம்மராயனுக்குக் கடினமான வேலையாக இருந்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பதினொன்றே முக்கால் ஆனதும் அவனுக்குத் தொண்டை தானாகத் தயாராகும். இருமிவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொள்வான். வெடிச் சத்தம் வந்ததும் எழுந்து காதைக் கொடுத்து நிற்பான். யாரும் கத்தவில்லை என்றால் மறுபடியும் உட்காருவான். இப்படி ஐந்து நாள் போயிற்று.

நாகம்மா கிழக்கூரில் பூக்காரி. கணவன் இல்லை. கனகாம்பரமும் சாமந்தியும் கட்டிக் கூடையில் வைத்துக்கொண்டு, பகல் பஸ்ஸில் அத்திப்பள்ளிக்குப் போய் விற்றுவிட்டு வருவாள். மூன்று வருஷமாகத் திம்மராயனின் கொடிக்கு நின்றவள். நிற்கும் நேரத்தில் அவனிடம் ஊர்க்கதை சொல்வாள். வெடித்து முடிந்ததும், "ஆச்சா அண்ணா?" என்று கேட்டுவிட்டுக் கூடையைத் தூக்குவாள். மூன்று வாரமாக அக்காள் வீட்டுக் கல்யாணத்துக்காகத் தளிக்குப் போயிருந்தாள். திம்மராயனுக்குப் பெயர் போனதும் கொடி போனதும் அவளுக்குத் தெரியாது.

ஆறாம் நாள் மத்தியானம் வெடிச் சத்தத்துக்குப் பிறகு திம்மராயன் எழுந்து நின்றபோது, யாரோ கத்தினார்கள்.

அவன் ஓடினான். தாழ்வாரத்திலிருந்து தனி அலுவலர், "மணி இன்னும் பன்னிரண்டரை ஆகவில்லை!" என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. அவன் நிற்கவில்லை.

பலகைக்கு நாலு அடி தள்ளி நாகம்மா கிடந்தாள். கூடை கவிழ்ந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே பார்க்கும்படியாக இல்லை. பக்கத்தில் ஒரு கல். பெரிய கல்கூட இல்லை, ஒரு பூசணி அளவுதான். கிருஷ்ணப்பன் பாறையிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி வந்து, கையில் விசிலோடு நின்றான்.

திம்மராயன் தன் துண்டை அவிழ்த்துக் காலைக் கட்டினான். நாகம்மா கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டவள் போலிருந்தாள்.

"இங்கேயா இருக்கே அண்ணா? உன் சத்தமே கேக்கலையே. சத்தம் இல்லை, அப்போ வெடி இல்லைன்னு தைரியமா வந்தேன்."

அவன் துண்டை இன்னொரு சுற்று இறுக்கினான்.

ஒரு ஜல்லி லாரியை நிறுத்தி அவளை ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜீப் இருந்தது. ஆனால் அதை எடுக்கப் பயணத்தின் நோக்கத்தை எழுதவேண்டும். ஓட்டுநர் படிவத்தைத் தேடி முடிப்பதற்குள் லாரி போய்விட்டது. சாயங்காலம் அவளுடைய காலை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது.

விசாரணை ஒரு வாரம் கழித்து நடந்தது. விசாரித்தவர் தனி அலுவலர். அந்த வாரத்தில்தான் மேலிடத்திலிருந்து ஒப்புதலும் வந்திருந்தது. காப்பாளர் என்ற சொல் மிகவும் சிறப்பானது என்று மேலிடம் பாராட்டியிருந்தது. அத்தனை சிறப்பான சொல்லைத் தற்காலிக ஊழியருக்குத் தருவது சொல்லுக்கு இழுக்கு என்றும், ஆகவே அலுவலகத் தலைவருக்கே அதைச் சூட்டலாம் என்றும் எழுதியிருந்தது. விசாரணை அன்று அவர் அறை வாசலில் 'தலைமைக் காப்பாளர்' என்ற பலகை மாட்டப்பட்டிருந்தது. சந்தனம்கூட வைத்திருந்தார்கள்.

நாகம்மாவின் அண்ணன் சென்னகிருஷ்ணன் கிழக்கூரிலிருந்து வந்திருந்தான். கிருஷ்ணப்பனும் திம்மராயனும் சுவரோரம் நின்றார்கள்.

"மனம் வேதனைப்படுகிறது" என்று ஆரம்பித்தார் தலைமைக் காப்பாளர். "ஆனால் வேதனை வேறு, விசாரணை வேறு. சம்பவ இடத்தில் பாதுகாப்பு இருந்ததா? இருந்தது. 'இவ்விடம் காப்பாளரின் பாதுகாப்பில் உள்ளது' என்று தெளிவாக எழுதியே வைத்திருக்கிறோம். எழுத்தில் ஒரு பிழை உண்டா? கிடையாது. கல் பலகை மேல் பட்டதா? படவில்லை. அப்படியானால் பாதுகாப்பு முழுமையாக வேலை செய்திருக்கிறது. அந்த அம்மாள்தான் பாதுகாப்பை மதிக்காமல் அதன் பக்கத்தில் நடந்து போயிருக்கிறார்."

"அவளுக்குப் படிக்கத் தெரியாதுங்க" என்றான் சென்னகிருஷ்ணன்.

"அது கல்வித் துறையைச் சேர்ந்த விஷயம்."

"அந்தக் காப்பாளர்னு எழுதியிருக்கிறது யாருங்க? அவர் எங்கே இருந்தார்?"

தலைமைக் காப்பாளர் சற்றே நிமிர்ந்து உட்கார்ந்தார். "சம்பவம் நடந்த தேதியில் அந்தச் சொல் ஒப்புதல் பெறவில்லை. ஒப்புதல் பெறாத சொல்லால் குறிக்கப்படுகிற ஆள் இருக்க முடியாது. இருக்க முடியாத ஆள் எங்கே இருந்தார் என்று கேட்பது முறையில்லை. ஒப்புதல் வந்த பிறகு கேட்டிருந்தால் நானே பதில் சொல்லியிருப்பேன்."

சென்னகிருஷ்ணனுக்குப் பாதி புரியவில்லை. அவன் திம்மராயனைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. 'நீயாவது சொல்லேன்' என்பது போல இருந்தது. திம்மராயன் தரையைப் பார்த்தான்.

கிருஷ்ணப்பன் மட்டும் வாயைத் திறந்தான். "நான் திரி வெச்சேன். என்னைப் புடிச்சுக் கொடுங்க" என்றான். உனக்கு அதற்கு அதிகாரமில்லை, அவசரப்படாதே என்று அவனை உட்கார வைத்தார்கள். அவன் அன்றோடு வேலையை விட்டுக் காவேரிப்பட்டினத்துக்குப் போய், மாமனார் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு இருந்துவிட்டான். சென்னகிருஷ்ணன் தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து மாட்டுவண்டியில் கூட்டிப்போனான். புதிதாக வந்த வெடிக்காரன் பாஷை தெரியாதவன். பலகையைக் கழுவி மறுபடியும் எழுத்து ஏற்றினார்கள். ஆறு மாதமாகப் பெயர் கிடைக்காத பதவி தேவையற்ற பதவி என்று திம்மராயனின் இடம் எடுக்கப்பட்டது. வேலை போன மறுநாளும் பதினொன்றரைக்கு அவன் வளைவுக்குக் கிளம்பினான். லட்சுமியம்மாள் வாசலில் குறுக்கே நின்றுகொண்டு, "ஏட்டு வந்துருவாரு. எனக்கு யாரு இருக்காங்க?" என்று அழுதாள். அவன் திரும்பி உள்ளே போனான். நடந்தவற்றை முறைப்படி சொல்வதென்றால் இவையெல்லாம் பிறகு நடந்தவை.

விசாரணை நாளில் இன்னும் ஒரு வேலை பாக்கி இருந்தது. திம்மராயனின் வாக்குமூலத்தை எழுதி வாங்கவேண்டும். மற்றவர்கள் போன பிறகு யேசுராஜ் அவனைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். பெயர் எழுதினார். வயது எழுதினார். ஊர் எழுதினார். அடுத்த இடத்தில் பேனா நின்றது.

"பதவின்னு ஒரு இடம் இருக்குதுப்பா. காலியா விடக் கூடாதாம். என்ன போடட்டும்?"

கிருஷ்ணப்பனுக்குப் பதிலாக வேறு யாரோ திரி வைத்த ஐந்து மணி வெடி வெளியே வெடித்தது. தகரக் கூரை அதிர்ந்தது. திம்மராயன் எழுந்து காதைக் கொடுத்து நின்றான். கத்தல் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடியும் உட்கார்ந்தான்.

"பெஞ்சில உக்காந்திருந்தவன்னு எழுதிக்குங்க சார்" என்றான்.

யேசுராஜுக்குக் கண் கலங்கியது. குனிந்து அப்படியே எழுதினார். திம்மராயன் மையில் பெருவிரலைத் தொட்டு அழுத்திவிட்டுப் போனான்.

அவன் படி இறங்கிய பிறகு யேசுராஜ் எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தார். அலுவலகத்தில் ஆள் இல்லை. மெல்லப் பேனாவை எடுத்து, பெஞ்சு என்பதை ஒரே கோடாக அடித்துவிட்டு, மேலே சிறிய எழுத்தில், சுத்தத் தமிழில், 'விசிப்பலகை' என்று எழுதினார்.